டால்பின் யாருக்குச் சொந்தம்?

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி. எங்கள் தெரு முனையில் வாடகை நூல் நிலையம் நடத்தி வந்த பெரியவர் ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். கையில் நாளிதழின் வர்த்தகப் பக்கம் நாலாக மடிக்கப்பட்டு இருந்தது.

"தம்பி, நம்ம புஸ்தக லிஸ்ட்டை எதுல போட்டு வச்சிருக்கோம்னு சொன்னீங்க? மைஎஸ்க்யூஎல்தானே? அதை ஆரக்கிள் கம்பெனி வாங்கப் போகுதாம். இனிமே வருஷா வருஷம் பணம் கட்டணுமா?"

அவர் பயந்ததில் தவறில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய நூல் நிலையத்துக்கு நான் ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஏறத்தாழ ஆறாயிரம் நூல்கள், முன்னூறு சொச்சம் உறுப்பினர்கள். எந்த நூல் யாரிடம் உள்ளது, என்றைக்குத் திரும்ப வர வேண்டும், எவ்வளவு பாக்கி என எல்லாம் அதில் இருந்தன. இத்தனையையும் டைப் செய்தது அவருடைய மகள். பள்ளி விடுமுறை முழுவதும் மானிட்டர் முன் உட்கார்ந்து, நாவல் நாவலாக, ஆசிரியர் பெயரோடு ஏற்றியிருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையில் எனக்கே அப்போது உறுதியாகத் தெரியாது. அவர் போன பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அன்று அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எக்ஸெல் தெரிந்திருக்கும். கட்டம் கட்டமாக விவரங்களை நிரப்பி வைக்கலாம். டேட்டாபேஸ் என்பதும் அப்படிப்பட்ட அட்டவணைகளின் தொகுப்புதான். ஆனால் நாம் நேரடியாக அதில் கை வைப்பதில்லை. நடுவில் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். "மார்ச் மாதத்திற்குப் பிறகு திரும்ப வராத நூல்கள் எவை?" என்று கேட்டால், அவர் தேடி எடுத்துத் தருவார். ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்டாலும் கலங்காமல் வரிசையாகக் கொடுப்பார். அந்தக் கணக்குப்பிள்ளைதான் மைஎஸ்க்யூஎல். அவரிடம் கேள்வி கேட்கப் பயன்படும் மொழிக்கு எஸ்க்யூஎல் என்று பெயர்.

நான் இதை இன்ஸ்டால் செய்ததே இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பயன்படுத்தியிருப்பீர்கள். வேர்ட்பிரஸ்ஸில் அமைந்த ஏதாவது ஒரு தளத்தைப் படித்திருந்தால், அந்தப் பக்கத்தை உங்களுக்காக எடுத்துக் கொடுத்தது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் அல்லது அதன் உறவினராக இருக்கும். உறவினர் யார் என்று பின்னால் பார்ப்போம்.

மகள் பெயரில் ஒரு சாப்ட்வேர்

1995ல் வெளிவந்தது மைஎஸ்க்யூஎல். இதைத் தொடங்கியவர்கள் மூவர். பின்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் விடேனியஸ், ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன். விடேனியஸை எல்லாரும் மான்டி என்றே அழைப்பார்கள். "மை" என்றால் "என்னுடைய" என்று பொருள் என நான் பல ஆண்டுகள் நினைத்துக் கொண்டிருந்தேன். அது மான்டியின் மூத்த மகளின் பெயர். அதன் சின்னம் ஒரு டால்பின்.

2000ஆம் ஆண்டில் இந்த சாப்ட்வேர் ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. நம் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எனவே சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஜி.பி.எல். சொல்வது இதுதான். இந்த சாப்ட்வேரை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதன் மூல வரிகளை, அதாவது சோர்ஸ் கோடை, படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால், உங்கள் சோர்ஸ் கோடையும் இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும்.

இலவசமாகக் கொடுத்துவிட்டு கம்பெனி எப்படிப் பிழைத்தது? உதவியும் ஆலோசனையும் தருவதற்குக் கட்டணம் வாங்கியது. இன்னொரு வழியும் இருந்தது. ஒரு நிறுவனம் தன்னுடைய சாப்ட்வேருக்குள் மைஎஸ்க்யூஎல்லை வைத்து விற்க விரும்புகிறது. ஆனால் தன் சோர்ஸ் கோடை ஊருக்குக் காட்ட விருப்பமில்லை. அப்படிப்பட்டவர்கள் பணம் கொடுத்து வேறொரு உரிமம் வாங்கிக் கொள்ளலாம். ஒரே சரக்கு, இரண்டு உரிமங்கள். இந்த இரண்டாவது உரிமத்தை விற்க, பதிப்புரிமை வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். நானோ நீங்களோ சோர்ஸ் கோடை நகல் எடுத்து எத்தனை மாற்றங்கள் செய்தாலும், அதை விற்க முடியாது.

ஆக, பெரியவரின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த மைஎஸ்க்யூஎல் ஜி.பி.எல். உரிமத்தில் வந்தது. எந்தக் கம்பெனி எதை வாங்கினாலும், ஏற்கெனவே கொடுத்த அந்த உரிமத்தைத் திரும்பப் பறிக்க வழியில்லை. அவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. மீதிப் பாதிதான் சிக்கலானது.

எஞ்சினை முதலில் வாங்கியவர்

ஆரக்கிள் வருவதற்கு முன்பே, நூல் நிலையத்தில் நடந்த ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். 2008ல் மின்வெட்டு நம்மை எப்படிப் படுத்தியது என்பதை நினைவில் வைத்திருப்பீர்கள். நூல் நிலையத்தில் இருந்த யு.பி.எஸ். பேட்டரி இறந்து போயிருந்தது. ஒரு நாள் புத்தகம் திரும்பி வந்ததைப் பதிவு செய்து கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மீண்டும் வந்தபோது உறுப்பினர் அட்டவணை திறக்கவில்லை. டேபிள் கிராஷ் ஆகிவிட்டது, ரிப்பேர் செய்ய வேண்டும் என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. ரிப்பேர் செய்தேன். பெரும்பாலான விவரங்கள் வந்துவிட்டன. அன்றைய பதிவுகள் சில வரவே இல்லை.

காரணம் என்ன? மைஎஸ்க்யூஎல் ஒரு கார் என்றால், டேட்டாவை டிஸ்க்கில் எழுதும் பகுதி அதன் எஞ்சின். அதை மாற்றிப் பொருத்தலாம். நான் விவரம் தெரியாமல் விட்டு வைத்திருந்தது மைஐசாம் என்ற பழைய எஞ்சின். அது வேகமானது. ஆனால் பாதியில் கரண்ட் போனால் விழித்துக் கொண்டு நிற்கும். இன்னோடிபி என்ற மற்றொரு எஞ்சின் அப்படி இல்லை. மளிகைக் கடையில் முதலில் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள் இல்லையா? அதைப் போல இதுவும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு லாக் பைலில் எழுதிவிடும். கரண்ட் போய் வந்தால், சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைத் தானே சரி செய்து கொள்ளும். அன்றிரவே எல்லா அட்டவணைகளையும் இன்னோடிபிக்கு மாற்றினேன். பேட்டரியையும் மாற்றச் சொன்னேன். அதற்குப் பெரியவர் இன்னும் ஒரு மாதம் எடுத்துக் கொண்டார்.

இந்த இன்னோடிபி எஞ்சினை எழுதியது மைஎஸ்க்யூஎல் நிறுவனம் அல்ல. பின்லாந்தில் ஹெய்க்கி டூரி என்பவர் தொடங்கிய இன்னோபேஸ் என்ற சிறு நிறுவனம். 2005 அக்டோபரில் அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? ஆரக்கிள்!

ஆரக்கிளின் முதன்மைத் தொழிலே டேட்டாபேஸ்தான். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் பெருந்தொகை கொடுத்து வாங்கும் டேட்டாபேஸ். போட்டியாளரின் காருக்குள் ஓடும் எஞ்சினை அது வாங்கியபோதே பலருக்குச் சந்தேகம் வந்தது. எஞ்சினும் ஜி.பி.எல்.தான் என்பதால் இலவசப் பதிப்புக்கு ஆபத்தில்லை. ஆனால் பணத்துக்கு விற்கும் பதிப்பில் அதைச் சேர்க்க இன்னோபேஸின் சம்மதம் தேவை. 2006ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மூச்சு வந்தது.

ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு கைமாற்றம்

2008 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் மைஎஸ்க்யூஎல் நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஜாவாவைத் தந்த நிறுவனம், ஓப்பன் ஆபீஸைத் தந்த நிறுவனம். எனவே பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. நல்ல வீட்டில் பெண் கொடுத்த மாதிரி என்று நினைத்தார்கள்.

வீடே ஆட்டம் கண்டு கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 2009 ஏப்ரல் 20 அன்று, சன் நிறுவனத்தையே 740 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. பெரியவர் கையில் இருந்தது அந்தச் செய்திதான். காருக்குரிய எஞ்சினை நாலு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர், இப்போது காரையும் வாங்கினார்.

அமெரிக்க அரசு ஆகஸ்ட்டில் அனுமதி தந்துவிட்டது. ஐரோப்பிய ஆணையம் தரவில்லை. போட்டியைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்த நீலி க்ரூஸ், செப்டம்பரில் விரிவான விசாரணையைத் தொடங்கினார். நவம்பரில் எழுத்து மூலம் ஆட்சேபணையும் தெரிவித்தார்கள். மைஎஸ்க்யூஎல்தான் ஆட்சேபணைக்குக் காரணம். இதற்கிடையே சன் மாதம் 10 கோடி டாலர் இழப்பதாக ஆரக்கிள் தலைவர் லாரி எல்லிசன் சொல்லிக் கொண்டிருந்தார்.

இந்த விசாரணையில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் என்னை ஆச்சரியப்பட வைத்தது. மான்டி ஏற்கெனவே சன்னை விட்டு வெளியேறியிருந்தார். மைஎஸ்க்யூஎல்லை ஆரக்கிள் வைத்துக் கொள்ளக் கூடாது, வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றார் அவர். அந்தக் கம்பெனியில் அவரோடு இருந்து தலைமை நிர்வாகியாகப் பணியாற்றிய மார்டென் மிக்கோஸோ, ஆரக்கிளுக்கு அனுமதி தரலாம் என்று ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்.

இன்னொரு ஜோடி இன்னும் வேடிக்கையானது. ஜி.பி.எல். உரிமத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆரக்கிள் வாங்குவதை எதிர்த்து அக்டோபரில் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். அந்த உரிமத்தின் சட்ட நுணுக்கங்களில் அவரோடு பல ஆண்டுகள் உழைத்த வழக்கறிஞர் எபன் மோக்லன், டிசம்பரில் ஆணையத்திடம் நேர் எதிராகச் சொன்னார். சோர்ஸ் கோட் ஜி.பி.எல்.லில் இருக்கிறது, ஆரக்கிள் கைவிட்டாலும் மற்றவர்கள் எடுத்துத் தொடரலாம், பாதுகாப்பு போதும் என்றார்.

என் கணக்கில் இருவர் சொன்னதும் சரிதான். தொடர உரிமை உண்டு என்றார் மோக்லன். தொடர்வதற்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்று கேட்டது ஸ்டால்மன் தரப்பு. டேட்டாபேஸ் என்பது வார இறுதியில் நாலு பேர் கூடிச் செய்துவிடக் கூடிய வேலை அல்ல. முழு நேரப் புரோகிராமர்கள் வேண்டும். அவர்களுக்குச் சோறு போட்டதில் அந்த இரண்டாவது உரிமத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை விற்கும் உரிமை பதிப்புரிமையோடு சேர்ந்து ஆரக்கிளுக்குப் போய்விடும். சோர்ஸ் கோடை நகல் எடுப்பவருக்கு அது கிடைக்காது.

மான்டி அந்த டிசம்பரில், மைஎஸ்க்யூஎல்லைக் காப்பாற்றுங்கள் என்று உலகம் முழுக்கக் கையெழுத்து இயக்கம் தொடங்கினார். "விற்று விட்டுப் பிறகு அழுதால் எப்படி?" என்று சிலர் கேட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நானும் கையெழுத்துப் போட்டேன் என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 14 அன்று ஆரக்கிள் பத்து உறுதிமொழிகளைத் தந்தது. ஜி.பி.எல். பதிப்பு தொடர்ந்து மேம்படுத்தப்படும். கையேடு இலவசமாகவே கிடைக்கும். முதல் மூன்று ஆண்டுகள் ஒவ்வொன்றிலும், சன் கடைசியாகச் செலவிட்ட 2 கோடியே 40 லட்சம் டாலரைவிட ஆராய்ச்சிக்கு அதிகம் செலவிடப்படும் என்றெல்லாம் அதில் இருந்தது. உறுதிமொழிகளுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. 2010 ஜனவரி 21ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. அந்த மாதம் 27ஆம் தேதி விற்பனை முடிந்தது.

பிறகு என்ன நடந்தது?

மூன்றே ஆண்டில் மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுவிடுவார்கள் என்று நான் நண்பர்களிடம் சொல்லிக் கொண்டிருந்தேன். நான் தவறு. 2010 டிசம்பரில் 5.5 பதிப்பு வந்தது. கரண்ட் போனாலும் பிழைக்கும் இன்னோடிபியே அதில் வழக்கமான எஞ்சின் ஆனது. 2013ல் 5.6, 2015ல் 5.7, 2018ல் 8.0 என்று தொடர்ந்து வந்தன. உறுதிமொழிகளின் ஐந்து ஆண்டு 2015 ஜனவரியில் முடிந்த பிறகும் பதிப்புகள் நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் நீண்ட கால ஆதரவுடன் 8.4 வந்தது. எல்லாம் ஜி.பி.எல்.தான்.

ஆனால் சன்னிடமிருந்து வந்த மற்ற பிள்ளைகளைப் பாருங்கள். ஓப்பன் சோலாரிஸ் 2010லேயே கைவிடப்பட்டது. ஓப்பன் ஆபீஸை உருவாக்கியவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து போய் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அமைப்பிடம் ஆரக்கிள் ஒப்படைத்துவிட்டது. எனவே பயந்தவர்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை.

மைஎஸ்க்யூஎல்லிலும் சின்னச் சின்னக் கதவுகள் மூடப்பட்டன. 2011ல் சில புதிய வசதிகள் பணம் கொடுப்பவர்களுக்கு மட்டும் என்று ஆயின. 2012ல், ஒரு பிழை சரியானதா என்று பார்க்க உதவும் சோதனை பைல்களை வெளியிடாமல் விட்டார்கள். உங்களுக்கும் எனக்கும் இது பெரிதாகத் தெரியாது. வெளியில் இருந்து இந்த சாப்ட்வேரைத் தங்கள் லினக்ஸ் தொகுப்புகளில் சேர்த்துத் தருபவர்களுக்கு அது உறுத்தியது.

அவர்கள் போக ஓர் இடமும் இருந்தது. மான்டி சும்மா இருக்கவில்லை. பழைய சோர்ஸ் கோடை எடுத்து, மரியா டிபி என்ற பெயரில் தனிக் கிளையாக வளர்த்து வந்தார். இது இளைய மகளின் பெயர். முதல் நிலையான பதிப்பு 2010 பிப்ரவரியில் வந்தது; விற்பனை முடிந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை. 2013ல் விக்கிபீடியா இதற்கு மாறியது. பெடோரா லினக்ஸும் அதே ஆண்டு மாறியது. 2017ல் டெபியன். முன்பு சொன்ன உறவினர் இவர்தான்.

பெரியவரின் நூல் நிலையமும் மாறியது. ஆனால் அது எங்களுக்கே தெரியாது! வீட்டுக் கம்ப்யூட்டரில் பி.எச்.பி.யும் டேட்டாபேஸும் பழகுபவர்கள் எக்ஸாம்ப் என்ற தொகுப்பை இன்ஸ்டால் செய்வது வழக்கம். நானும் அதைத்தான் போட்டிருந்தேன். 2016ல் நூல் நிலையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, புதிய எக்ஸாம்ப்பை டவுண்லோட் செய்து போட்டேன். கன்ட்ரோல் பேனலில் வழக்கம் போல் மைஎஸ்க்யூஎல் என்றே பட்டன். க்ளிக் செய்தால் உள்ளே ஓடியது மரியா டிபி. 2015லேயே மாற்றியிருக்கிறார்கள். பெயரில் உள்ள "எம்" எழுத்து மட்டும் இரண்டு மகள்களுக்கும் பொருந்திவிட்டது.

மரியா டிபியின் கதையும் அத்தோடு முடியவில்லை. அதை நடத்திய நிறுவனம் 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது. பங்கு விலை சரிந்தது. 2024ல் கே1 என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கி, பங்குச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. சாப்ட்வேரைப் பேண, லாப நோக்கமற்ற தனி அறக்கட்டளை ஒன்று 2012லேயே அறிவிக்கப்பட்டது. அது ஒரு ஆறுதல். ஆனாலும் "இது இனி என்ன ஆகும்?" என்ற அதே கேள்வியைத் தப்பி வந்தவர்களும் கேட்க வேண்டியதாயிற்று.

கேள்விக்குறிகள்

2016ல் மாற்றும்போது நான் செய்த தவறைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையால் உங்களுக்குப் பயனில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருந்த டேட்டாவை ஒரே பைலாக எக்ஸ்போர்ட் செய்து, பென் டிரைவில் கொண்டு வந்து ஏற்றினேன். ஆறாயிரம் வரிகளும் வந்தன. நூல்களின் எண்கள் சரி, விலை சரி. தமிழில் இருக்க வேண்டிய பெயர்கள் எல்லாம் "?????" என்று நின்றன.

ஆரக்கிளும் மான்டியும் இதற்குப் பொறுப்பில்லை. எக்ஸ்போர்ட் செய்யும்போது எழுத்து வகை லத்தீன் என்று இருந்ததை நான் பார்க்கவில்லை. லத்தீனில் தமிழுக்கு இடம் ஏது? இடம் இல்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. அந்த பைலிலிருந்து தமிழை மீட்க வழியே இல்லை. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். மீண்டும் யூ.டி.எப்.8 என்று தேர்வு செய்து எடுத்தபோது எல்லாம் ஒழுங்காக வந்தது.

நீங்கள் மைஎஸ்க்யூஎல் வைத்திருந்தாலும் மரியா டிபி வைத்திருந்தாலும், பிஎச்பி மைஅட்மின் பக்கத்தில் எக்ஸ்போர்ட் என்ற டேப் இருக்கும். அதில் எஸ்க்யூஎல் என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுத்து வகை யூ.டி.எப்.8 தானா என்று பார்த்து, மாதம் ஒரு முறையாவது ஒரு பைல் எடுத்து வையுங்கள். டேட்டா இருக்கும் போல்டரை அப்படியே காப்பி செய்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். புதிய மைஎஸ்க்யூஎல்லின் போல்டரை மரியா டிபி படிக்காது. இரண்டு சகோதரிகளும் இப்போது தனித்தனி வீடு. எடுத்த பைலை நோட்பேடில் திறந்து, உங்கள் தமிழ் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

8.0 பதிப்புக்கான ஆதரவு 2026 ஏப்ரலோடு முடியும் என்று ஆரக்கிள் அறிவித்தது. அதை வைத்திருப்பவர்கள் 8.4க்கோ மற்றொன்றுக்கோ மாறும் முன்பும் இதைச் செய்து கொள்வது நல்லது.

வாடகை நூல் நிலையம் 2019ல் மூடப்பட்டது. நூல்கள் பாதி பழைய புத்தகக் கடைக்கும் பாதி உறவினர் வீடுகளுக்கும் போயின. சென்ற ஆண்டு பெரியவரின் மகள் போன் செய்து, "அண்ணா, அந்த லிஸ்ட் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். பென் டிரைவில் இருந்தது. அவள் கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல்லும் இல்லை, மரியா டிபியும் இல்லை. நோட்பேடில் திறந்து படித்தாள். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போன். பள்ளி விடுமுறையில் டைப் செய்தபோது ஓர் ஆசிரியர் பெயரைக் கடைசி வரை தப்பாகவே அடித்திருக்கிறாளாம். நாற்பத்தோரு இடங்களில்.